சொல்ல முடியாத அலிபி: ஆண்–ஆண் காதல் ஓடும் துப்பறியும் கதைகளுக்கு ஓர் எளிய அறிமுகம்

பினாங்கில் சௌராஸ்தா மார்க்கெட் மாடியில் பழைய புத்தகக் கடைகள் இருக்கின்றன. எனக்குத் துப்பறியும் கதைப் பித்துப் பிடித்தது அங்கேதான். போன மாதம் என் நண்பர் ஒருவர் என் அலமாரியைப் பார்த்துவிட்டு, "கொலைக் கதையில காதல் எதுக்கு, அதுவும் ரெண்டு ஆம்பளைங்க காதல் எதுக்கு, அதுவும் நாலு புத்தகம் வரைக்கும் இழுக்கிற காதல் எதுக்கு?" என்று கேட்டார். கிண்டலாகக் கேட்கவில்லை, உண்மையாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். அன்றைக்குச் சரியாகப் பதில் சொல்ல வரவில்லை, அதனால் இந்த வகைக் கதையை இதுவரை தொட்டே பார்க்காதவர்களுக்கும் புரிகிற மாதிரி இப்போது எழுதுகிறேன்.

முதலில் யார் துப்பறிகிறார் என்பதைப் பார்ப்போம். சங்கர்லால் மாதிரி தொழில்முறைத் துப்பறிவாளர் இங்கே கிடையாது. கணேஷ், வசந்த் மாதிரி வக்கீல்களும் கிடையாது. சம்பளம், லைசென்ஸ், துப்பாக்கி எதுவும் இல்லாத, வேறு ஏதோ ஒரு வேலை பார்க்கிற சாதாரண ஆள் கொலைக்குள் மாட்டிக்கொள்கிறார். ஆங்கிலத்தில் இதற்கு எல்லோரும் சொல்லும் உதாரணம் அகதா கிறிஸ்டியின் மிஸ் மார்ப்பிள், கிராமத்தில் ஸ்வெட்டர் பின்னிக்கொண்டிருக்கும் பாட்டி. தமிழில் தேவன் எழுதிய சாம்பு என்ற வங்கி குமாஸ்தாவும் தொடக்கத்தில் இந்த இனம்தான், ஆனால் சாம்புவுக்கு அதிர்ஷ்டம் வேலை செய்யும். நான் சொல்லும் கதைகளில் ஆளின் தொழிலறிவு வேலை செய்ய வேண்டும். தையற்காரருக்குத் தையல் தெரியும், பூக்கட்டுபவருக்குப் பூ எத்தனை மணி நேரத்தில் வாடும் என்று தெரியும். போலீஸ்காரர் கண்ணுக்குப் படாத ஒன்று அவர் கண்ணுக்குப் படுகிறது, அவர் இந்தக் கதைக்குள் வருவதற்கு நியாயமே அதுதான்.

சும்மா விளக்கிக்கொண்டு போனால் நிற்காது, ஒரு கதையை நாமே கட்டிப் பார்ப்போம். பினாங்கில் லெபோ பாசார் தெருப் பக்கம், லிட்டில் இந்தியாவில், கதிர் என்று ஒருவர், 36 வயது. அப்பா விட்டுப்போன சின்ன அச்சகத்தை நடத்துகிறார். கல்யாண அழைப்பிதழ், கருமக்கிரியை அட்டை, திருவிழா நோட்டீஸ், கடைகளுக்கு ரசீதுப் புத்தகம், கூடவே ஓரத்தில் ஒரு போட்டோஸ்டேட் மெஷின். அடுத்த தெருவில் உரிமம் பெற்ற வட்டிக்கடை ஒன்றில் சேகரன் கணக்கர். ரசீதுப் புத்தகம் தீர்ந்தால் வாங்க வருவது சேகரன்தான். வந்தால் "பாஸ், புத்தகம் ரெடியா?" என்பார். கதிர் "உட்காருங்க சேகர், இன்னும் தைக்கணும்" என்பார். உண்மையில் புத்தகம் முந்தின நாளே தைத்து முடிந்திருக்கும். இருவரும் அஞ்சடியில், அதாவது கடை முன்னால் உள்ள நடைபாதையில், நின்று ஆளுக்கொரு தே தாரிக் குடிப்பார்கள். இப்படி இரண்டு வருடம். வேறு எதுவும் நடந்ததில்லை.

ஒரு நாள் காலை வட்டிக்கடை முதலாளி கடைக்குள்ளேயே கொலையுண்டு கிடக்கிறார். பூட்டு உடையவில்லை. சாவி இரண்டு பேரிடம்தான், ஒருவர் இறந்துவிட்டார், இன்னொருவர் சேகரன்.

போலீஸ் வழக்கமான முதல் கேள்வியைக் கேட்கிறது, நேற்றிரவு எங்கே இருந்தாய் என்று. சேகரன் பதில் சொல்ல மறுக்கிறார், கைதாகிறார்.

இந்த இடத்தில் சட்டத்தைக் கொஞ்சம் தெரிந்துகொள்ள வேண்டும், இந்த வகைக் கதையின் உயிரே இங்கே இருக்கிறது. மலேசியத் தண்டனைச் சட்டத்தில் 377ஏ, 377பி பிரிவுகளின்படி ஆணும் ஆணும் விருப்பத்தோடு உடலுறவு கொள்வதும் குற்றம், 20 ஆண்டுகள் வரை சிறையும் பிரம்படியும் உண்டு. பிரிட்டிஷ் ஆட்சி இந்தியாவுக்கென்று 1860இல் இயற்றிய தண்டனைச் சட்டத்தின் 377ஆம் பிரிவிலிருந்து கிளைத்தது இது. இந்தியாவில் 2018 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் மனமொத்த பெரியவர்களுக்கு அது பொருந்தாது என்று தீர்ப்புச் சொல்லிவிட்டது, சிங்கப்பூர் நாடாளுமன்றம் 2022இல் தன்னுடைய பிரிவை நீக்கியது, இங்கே அப்படியே இருக்கிறது. இன்னொரு பக்கம் குற்றவியல் நடைமுறைச் சட்டம் 112ஆவது பிரிவில் போலீஸ் வாக்குமூலம் வாங்கும்போது சாட்சி கேள்விகளுக்குப் பதில் சொல்லித்தான் ஆக வேண்டும் என்று சொல்லிவிட்டு, எந்தப் பதில் தன்னையே ஒரு குற்றச்சாட்டுக்கு ஆளாக்குமோ அதற்கு மட்டும் பதில் மறுக்கலாம் என்று ஒரு கதவையும் திறந்து வைத்திருக்கிறது. சேகரன் அந்தக் கதவு வழியாகப் போகலாம். போனால், இன்னொரு குற்றம் செய்திருக்கிறான் போலிருக்கே என்று எதிரே இருப்பவர் யோசிக்க ஆரம்பித்துவிடுவார். அன்றிரவு சேகரன் ஃபெரி ஏறி எதிர்க்கரையில் இருக்கும் பட்டர்வொர்த் போய் ஒருவருடன் இருந்தார், அவர் கல்யாணமானவர், இரண்டு பிள்ளைகள். கொலைப்பழியிலிருந்து தப்ப இதைச் சொன்னால் போதும். சொன்னால் இரண்டு பேர் வாழ்க்கை போய்விடும்.

சாதாரணக் கொலைக் கதையில் அலிபி என்றால் அந்த நேரத்தில் நான் வேறு இடத்தில் இருந்தேன் என்பதற்கான சான்று, சரிபார்த்துவிட்டு அடுத்த ஆளிடம் போவார்கள். தன்பால் ஈர்ப்புள்ளவரைக் கதையின் நடுவில் வைத்தவுடன் அதே அலிபி ஆளைத் தூக்கி நிறுத்தவும் செய்கிறது, குழியிலும் தள்ளுகிறது. பொய் சொல்பவன் எல்லாம் கொலைகாரன் இல்லை என்பது எல்லாத் துப்பறியும் கதைக்கும் பொது விதி, ஆனால் இங்கே பொய்க்குப் பின்னால் இருக்கும் காரணம் வாசகருக்கு வலிக்கும். என் நண்பர் கேட்ட "ரெண்டு ஆம்பளைங்க எதுக்கு" என்ற கேள்விக்கு என் பதில் இதுதான். ஆணும் பெண்ணும் என்று மாற்றினால் பெரும்பாலும் ஊர்வாய்க்குத்தான் அவர்கள் பயப்பட வேண்டும், இந்தச் சட்டமும் இருபது வருடச் சிறையும் பொதுவாக நடுவில் வராது, கதை வேறு கதையாகிவிடும்.

இது இன்றைய கண்டுபிடிப்பும் இல்லை. இங்கிலாந்தில் 1885இல் வந்த ஒரு சட்டத் திருத்தத்துக்கு மிரட்டிப் பணம் பறிப்பவர்களின் சாசனம் என்றே பட்டப்பெயர் வந்தது, ஆண்களுக்கு இடையிலான எந்தப் பாலியல் நெருக்கத்தையும் குற்றமாக்கியதும் ரகசியம் தெரிந்தவன் கையில் காசு கொட்டியது. மிரட்டல் இருந்தால் கொலைக்குக் காரணம் தானாக வந்துவிடும், எழுத்தாளர்களுக்கு அது தெரியும். ஆனாலும் வெகுகாலம் குற்றக் கதைகளில் இப்படிப்பட்டவர்கள் வந்தால் பெரும்பாலும் ஒன்று பிணமாக வருவார்கள், இல்லை கொலைகாரனாக வருவார்கள். 1966இல் அமெரிக்க எழுத்தாளர் ஜார்ஜ் பேக்ஸ்ட், ஃபேரோ லவ் என்ற தன்பால் ஈர்ப்புள்ள கறுப்பின நியூயார்க் போலீஸ் துப்பறிவாளரைப் படைத்தார். 1970இல் ஜோசப் ஹேன்சன் டேவ் பிராண்ட்ஸ்டெட்டரைக் கொண்டுவந்தார், காப்பீட்டு நிறுவனத்துக்காகச் சாவுகளை விசாரிப்பவர், தன் இயல்பைப் பற்றி வெட்கமோ அழுகையோ இல்லாமல் தன் வேலையைப் பார்க்கிற மனிதர். 1991 வரை 12 நாவல்கள். காதலரை இழந்த துக்கத்தோடு தொடர் தொடங்குகிறது, தொடர் முழுக்க அவருக்கு வயதாகிறது, புதியவர் வருகிறார். இவர்கள் இருவரும் தொழில்முறை விசாரணையாளர்கள், ஆனால் கதவைத் திறந்துவிட்டவர்கள் இவர்கள். அதன் பிறகு புத்தகக் கடைக்காரர், ஆசிரியர், சமையற்காரர் என்று அமெச்சூர்கள் வரிசையாக உள்ளே வந்தார்கள்.

சரி, இப்போது மெதுவான காதல். இணையத்தில் ஸ்லோ பர்ன் என்கிறார்கள். அடுப்பை சிம்மில் வைத்து இறைச்சி வேகவைப்பது மாதிரி என்று எடுத்துக்கொள்ளலாம், ஆனால் தீயைக் குறைத்து வைத்துவிட்டால் மட்டும் கறி நன்றாக வந்துவிடாது. இழுப்பதற்கு உள்ளே காரணம் இருக்க வேண்டும். ஒரு போன் போட்டுப் பேசினால் தீர்ந்துவிடும் தவறான புரிதலை வைத்துக்கொண்டு முந்நூறு பக்கம் இழுக்கும் கதைகளை நான் பாதியில் மூடியிருக்கிறேன். வாசகரின் பொறுமையை அது ஏமாற்றுகிறது, எனக்கு அதில் உண்மையிலேயே கோபம் வரும்.

நம் கதையில் காரணம் எங்கே இருக்கிறது என்று பாருங்கள். கதிருக்கு சேகரனைப் பிடிக்கும். அதனால் அவர் கொலை செய்திருக்க மாட்டார் என்று நம்புகிறார். அந்த நம்பிக்கை துப்பினால் வந்ததா, ஆசையினால் வந்ததா? அவருக்கே தெரியவில்லை. நிரூபிக்கக் கிளம்புகிறார், ஃபெரி டெர்மினலில் கடை வைத்திருப்பவரிடம் பேச்சுக் கொடுக்கிறார், பட்டர்வொர்த் போகிறார், அந்த மனிதரைக் கண்டுபிடிக்கிறார். அவர் பிள்ளையைக் கையில் பிடித்துக்கொண்டு வாசலில் நின்று, குரலைத் தாழ்த்தி, "தம்பி, எம்பேரு மட்டும் வெளிய வரக்கூடாது" என்கிறார். சேகரன் நிரபராதி என்று கதிருக்கு நிச்சயமாகிவிட்டது. அதே நொடியில் சேகரன் மனதில் வேறு ஒருவர் இருக்கிறார் என்பதும் தெரிந்துவிட்டது. மேலும், சேகரன் உயிரே போனாலும் சொல்லக் கூடாது என்று வைத்திருந்த ஒன்றை அவருக்குத் தெரியாமல் பின்தொடர்ந்து போய்த் தெரிந்துகொண்டுவிட்டார் கதிர். இனி அவரிடம் சொல்லாமல் இருந்தால் அது பொய், சொன்னால் நீ என்னை வேவு பார்த்தாயா என்ற கேள்வி வரும். துப்பறிந்ததே காதலுக்குக் குறுக்கே வந்து உட்கார்ந்துவிட்டது. நல்ல கதையில் சிக்கல் இப்படித்தான் வர வேண்டும், வெளியே இருந்து ஒரு வில்லனையோ பொறாமைக்கார முன்னாள் காதலனையோ கூட்டிவர வேண்டியதில்லை.

இங்கே எனக்குத் திருக்குறள் நினைவுக்கு வருகிறது. குறளில் ஒரே தலைப்பு இரண்டு அதிகாரங்களுக்கு இருக்கிறது, குறிப்பறிதல். 71ஆவது அதிகாரம் பொருட்பாலில், அரசவையில் எதிரில் இருப்பவர் முகத்தைப் பார்த்து உள்ளத்தில் இருப்பதை அறிவது. 110ஆவது காமத்துப்பாலில், அவள் பார்வையைப் பார்த்து மனதை அறிவது. ஒரே திறமை, இரண்டு களங்கள். இந்த வகைக் கதையில் இரண்டு குறிப்பறிதலும் ஒரே ஆளிடம், ஒரே சமயத்தில், ஒன்றையொன்று குழப்பிக்கொண்டு நடக்கின்றன. அதோடு இன்னொன்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள். தன் இயல்பைச் சின்ன வயதிலிருந்தே மறைத்து வாழ்ந்த ஒருவருக்கு எதிரே இருப்பவர் முகத்தைப் படிப்பது பிழைப்புக்கான பாடம், யார் முன்னால் எப்படி நிற்க வேண்டும், எந்தக் கேள்விக்குப் பின்னால் என்ன இருக்கிறது, அம்மா "பொண்ணு பாக்கலாமாய்யா" என்று கேட்கும்போது உண்மையில் என்ன கேட்கிறார் என்று அவர் தினமும் கணக்குப் போட்டுக்கொண்டே இருப்பார். துப்பறிவதற்கு இதைவிட நல்ல பயிற்சி எந்தப் போலீஸ் கல்லூரியில் கிடைக்கும்?

தமிழில் இந்தக் காதலை எழுத நமக்கு ஒரு பெரிய வசதி உண்டு, ஆங்கிலத்தில் அது இல்லவே இல்லை. நீங்கள், நீ. பாஸ், சேகர், டா. ஆங்கிலக் கதையில் இருவர் நெருங்குவதைக் காட்ட எழுத்தாளர் கைபட்டது, கண்பட்டது என்று பத்தி பத்தியாக எழுத வேண்டும். நமக்கு ஒரு "ங்க" உதிர்ந்தால் போதும், படிப்பவருக்கு உடம்பு சிலிர்க்கும். இரண்டு வருடமாக "பாஸ்" என்று கூப்பிட்டவர் ஒரு நாள் பெயரைச் சொன்னால் அது முத்தத்துக்குச் சமம். பட்டுக்கோட்டை பிரபாகரின் பரத்–சுசீலா கதைகளைப் படித்து வளர்ந்தவர்களுக்கு இந்த இழுபறியின் சுவை ஏற்கெனவே தெரியும், வழக்கு அந்த மாதமே முடிந்துவிடும், அவர்களுக்கு நடுவில் இருப்பது மட்டும் முடியாது. தொடராக வரும் கதைகளின் ரகசியம் அதுதான், பிணம் மாறும், அந்த இருவர் மாற மாட்டார்கள்.

வேகத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். கொலை வழக்கில் கைதானவரை 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன் நிறுத்த வேண்டும், அவர் முதலில் ஏழு நாள், மறுபடி ஏழு நாள் வரை தடுப்புக் காவல் கொடுக்கலாம், மொத்தம் 14 நாள். கதிரின் கையில் இருப்பது அந்த 14 நாள்தான். காதலுக்கோ இரண்டு வருடத்தில் ஒரு கோப்பைத் தேநீரைத் தாண்டத் தெரியவில்லை. ஒரே கதைக்குள் இரண்டு கடிகாரங்கள், ஒன்று தலைதெறிக்க ஓடும், இன்னொன்று அசையாது. வாசகரைப் பிடித்து வைப்பது இந்த வேக வித்தியாசம்தான்.

அப்புறம் கொலையாளி யார் என்ற விஷயம். புதிர் நேர்மையாக இருக்க வேண்டும், அதாவது துப்பறிபவர் பார்த்ததை வாசகரும் பார்த்திருக்க வேண்டும். மூன்றாவது அத்தியாயத்தில் ஒரு வாடிக்கையாளர் கதிரின் கடைக்கு வந்து ஒரு ரசீதை போட்டோஸ்டேட் எடுக்கிறார். வட்டிக்கடைக்கு அவர் கொடுக்க வேண்டியிருந்த பெரிய கடனை ஜனவரியிலேயே கட்டி முடித்ததாக ரசீது, எண் 4817, நம்பர் மெஷினில் தேய்ந்துபோன 7 கொஞ்சம் சாய்ந்து விழுந்திருக்கிறது. கதிர் அந்த 7ஐப் பார்த்து மெஷினைச் சரிசெய்ய வேண்டும் என்று நினைத்துக்கொள்கிறார், அவ்வளவுதான், கதை நகர்ந்துவிடுகிறது. பத்தாவது நாள் அவருக்குப் பொறி தட்டுகிறது. 4801 முதல் 4850 வரையுள்ள புத்தகத்தை அவர் தைத்துச் சேகரன் கையில் கொடுத்ததே மார்ச்சில். மார்ச்சில் பிறந்த ரசீதில் ஜனவரித் தேதி எப்படி வரும்? அச்சக ஆர்டர் புத்தகத்தில் தேதி, எண், சேகரன் கையெழுத்து எல்லாம் இருக்கிறது. வட்டிக்கடை முதலாளியைக் கடைசியாகச் சந்தித்து, அவரே கதவைத் திறந்துவிட உள்ளே போய், பிறகு ரசீதுப் புத்தகத்தில் கைவைத்தது யார் என்று அந்த எண் சொல்லிவிடுகிறது. கதிர் அந்த ஆர்டர் புத்தகத்தை எடுத்துக்கொண்டு போலீஸ் நிலையம் போகிறார்.

கவனியுங்கள், பட்டர்வொர்த் மனிதர் பெயர் எங்கேயும் வரவில்லை. சேகரன் வெளியே வந்ததற்கு அலிபி தேவைப்படவில்லை. மற்றத் துப்பறியும் கதைகளில் கடைசி அத்தியாயத்தில் எல்லோரையும் ஒரு அறையில் உட்காரவைத்து எல்லா ரகசியத்தையும் கொட்டிவிடுவார்கள். இந்த வகையில் துப்பறிபவருக்கு எதைத் திறக்க வேண்டும் என்று தெரிவது பாதி வேலைதான், எதை மூடியே வைத்திருக்க வேண்டும் என்று தெரிவது மீதிப் பாதி. அடுத்தவர் ரகசியத்தை அவர் அனுமதி இல்லாமல் ஊருக்குச் சொல்லிவிட்டு அதை ஒரு திருப்பமாக விற்கும் கதைகளும் இருக்கின்றன, எனக்கு அவற்றைப் பிடிக்காது. லிட்டில் இந்தியா மாதிரி நாலு தெரு உள்ள இடத்தில் அலர், அதாவது ஊர் வம்பு, எவ்வளவு வேகமாகப் பரவும் என்று இங்கே வளர்ந்த எவருக்கும் தெரியும், சங்கப் பாட்டில் தோழி பயந்த அதே அலர். அதை ஆயுதமாக எடுக்கிற துப்பறிவாளர் எவ்வளவு கெட்டிக்காரராக இருந்தாலும் நான் அடுத்த புத்தகம் வாங்க மாட்டேன்.

புதிதாகப் படிக்கத் தொடங்குபவர்களுக்கு ஒன்று, தொடராக இருந்தால் முதல் புத்தகத்திலிருந்தே படியுங்கள். கொலையை எந்த வரிசையில் படித்தாலும் புரியும், உறவு புரியாது. முதல் புத்தகத்தின் முடிவில் அவர்கள் சேரவில்லையே என்று ஏமாற வேண்டாம், பெரும்பாலும் சேர மாட்டார்கள், ஒரு அடி நகர்ந்திருப்பார்கள். அந்த ஒரு அடி எது என்று தேடிப் பாருங்கள், யாரை யார் எப்படிக் கூப்பிடுகிறார் என்று தொடக்கத்திலும் முடிவிலும் ஒப்பிட்டாலே பாதி தெரிந்துவிடும்.

நம் கதையின் முதல் புத்தகத்தை நான் எப்படி முடிப்பேன் என்று சொல்கிறேன். விடுதலையான சேகரன் வேறு கடையில் வேலைக்குச் சேர்ந்து, அந்தக் கடைக்கு ரசீதுப் புத்தகம் அடிக்க வருகிறார். நன்றி சொல்கிறார். அஞ்சடியில் தே தாரிக் வருகிறது. கதிர் நாள் முழுக்க ஒத்திகை பார்த்ததை மறந்துவிட்டு, "நான் பட்டர்வொர்த் போயிருந்தேன் சேகர்" என்கிறார். சேகரன் கோப்பையைக் கீழே வைக்கிறார். ஒன்றும் பேசவில்லை. குடை இல்லாமல் மழையில் இறங்கி நடந்துபோகிறார். அடுத்த மாதம் அவருக்குப் பதில் கடைப் பையன் ஒருவன் வந்து புத்தகத்தை வாங்கிப் போகிறான். அதற்கடுத்த மாதமும் அவன்தான். மூன்றாவது மாதம் கதிர் மெஷினுக்கு எண்ணெய் போட்டுக்கொண்டு குனிந்திருக்கும்போது வாசலில் யாரோ செருப்பைக் கழற்றும் சத்தம் கேட்கிறது.

"புத்தகம் ரெடியா, கதிர்?"

"இன்னும் தைக்கணும்," என்கிறார் கதிர், முந்தின நாளே தைத்து முடித்த புத்தகத்தின் மேல் கைத்துண்டைப் போட்டு மூடிக்கொண்டே.